எண்பத்தாறு தாள் வறட்டி

மார்கழி 1, செவ்வாய்

இந்த டைரி என் மகன் ரத்தினக்குமார் வேலை பார்க்கும் அச்சாபீசில் கழித்துப் போட்டது. ஜூன் மாதம் இரண்டு தடவை வருகிறது, ஆகஸ்ட் வரவே இல்லை. "கோலம் எழுதி வச்சிக்கோம்மா" என்று கொடுத்தான். எனக்கு எதையும் எழுதி வைக்கத் தேவையில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஐந்தாம் வகுப்பில் என் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தவள் யார் என்பது இன்றுவரை மறக்கவில்லை. அவள் பெயர் மாடத்தி. திருத்தங்கலில் பேரன் பேத்தியோடு இருக்கிறாளாம். இருக்கட்டும்.

இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது. கொல்லையில் இருக்கும் என் வெந்நீர் அடுப்பை இடிக்கப் போகிறார்கள்.

எட்டு நாளைக்கு முன் விறகுக் குவியலிலிருந்து ஒரு தேள் வந்து மருமகள் பாண்டிமீனாவின் கட்டைவிரலில் கொட்டிவிட்டது. ஊசி போட்டு, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, அந்தக் காலாலேயே தீர்ப்புச் சொன்னாள்.

"அத்தை, இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு சுள்ளி வரக்கூடாது. பாத்ரூம்ல ஹீட்டர் மாட்டிருவோம். அடுப்ப இடிச்சிட்டு அந்த எடத்துல வாஷிங் மெசின் வைக்கலாம்."

ரத்தினக்குமார் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் பல்லி இல்லை.

"விறகுதான வரக்கூடாது? அடுப்பு எரியலாம்ல?" என்றேன்.

"விறகு இல்லாம எத வச்சி எரிப்பீக? கோவத்த வச்சா?"

நன்றாகப் பேசுவாள். நான்தான் பெண் பார்த்துவிட்டு வந்து வாய் சின்னது என்று சொன்னேன்.

"தைப்பொங்கல் வரைக்கும் பொறு. விறகு இல்லாம, காஸ் இல்லாம, பொங்கப்பானைய இதே அடுப்புல பொங்க வைக்கேன். பொங்குனா அடுப்பு நிக்கும். பொங்கலன்னா மாட்டுப் பொங்கலன்னிக்கு நானே கடப்பாரைய எடுத்துத் தாரேன்."

"சரி" என்றாள். ரத்தினக்குமார் சாட்சி. பல்லியும் சாட்சி.

மார்கழி 2, புதன்

குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வரும் பேச்சியம்மாள்தான் இந்த வழியைச் சொன்னவள். "பழைய தாள மூணு நாளு ஊறப்போட்டு, இடிச்சி, மரத்தூளு கலந்து அமுக்கிக் காய வச்சா விறகு தோத்துப் போகும் ஆச்சி. எங்க குப்பக் கெடங்குல அப்பிடித்தான் டீ போடுறோம்." வறட்டி தட்டுகிற மாதிரிதான். மாடு மட்டும் கிடையாது.

தாளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஊரே காலண்டர் அடிக்கிற ஊர். எங்கள் வீட்டில் மட்டும் பதினோரு வருஷத்துப் பழைய காலண்டர்கள், பேப்பர், பருப்புப் பொட்டலத் தாள், அட்டைப்பெட்டி. எல்லாவற்றையும் நடு வீட்டில் கொட்டினேன். பாண்டிமீனா ஒற்றைக் காலால் தாண்டிப் போனாள்.

கொட்டிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. எந்தத் தாளை எடுத்தாலும் சாமி. காலண்டரில் முருகன், மளிகைக் கடைப் பையில் மாரியாத்தா, ஊதுபத்தி அட்டையில் லட்சுமி, கல்யாணப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் பிள்ளையார். சாமியை ஊறப்போட்டு உரலில் இடித்து அடுப்பில் வைக்க முடியுமா? கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் அறுபத்து நான்கு சாமிகளை வெட்டி ஒரு அரிசிச் சாக்கில் உட்கார வைத்தேன். விரலில் கொப்புளம்.

மார்கழி 4, வெள்ளி

தாள் போதாது. பரணில் இருந்து என் டிரங்குப்பெட்டியை இறக்கச் சொன்னேன்.

அதில் ஐம்பது வருஷத்துப் பத்திரிகைகள் இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். ஆசைக்காக வைத்திருக்கிறேன் என்று ஊரில் நினைக்கிறார்கள். அத்தனையும் அத்தாட்சி. யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு.

இவற்றையும் ஊறப்போட்டால் பத்து வறட்டி தேறும். அத்தாட்சியை அழித்தால் நாளைக்கு ஒருத்தி, "நான் எப்பச் சொன்னேன்?" என்பாள். அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். விஷயத்தை இந்த டைரியில் இறக்கிவிட்டு, தாளைத் தொட்டியில் போடுவது. பிள்ளையார் சாக்குக்கு.

சாத்தூர் ராமலட்சுமி மகள் கல்யாணம்: எங்கள் தெரு முனை வரை வந்தவள், பத்திரிகையைப் பால்காரரிடம் கொடுத்தனுப்பினாள். தொட்டிக்கு.

விருதுநகர் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம்: பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வரவில்லை. கேட்டதற்கு, "வருது வருது" என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தொட்டிக்கு.

கோவில்பட்டிக் காதுகுத்து: எல்லோரும் நின்று எடுத்த போட்டோவில் என்னை ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். போட்டோ வந்தபோது என் இடது கை மட்டும் இருந்தது. வளையலை வைத்துத்தான் நானே அடையாளம் கண்டேன். தொட்டிக்கு.

முப்பத்தெட்டுப் பத்திரிகை முடிந்தது. ஒன்றை மட்டும் போடவில்லை. அது சீனியம்மாள் வீட்டுப் பத்திரிகை.

மார்கழி 5, சனி

சீனியம்மாளைப் பற்றி ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. பெயரில் மட்டும் சீனி. ஒரே வீட்டை இரண்டாக வகுந்ததில் கொல்லையில் நெஞ்சுயரச் சுவர். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முப்பத்தோரு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை.

அவள் மூத்த மகன் கல்யாணம். பத்திரிகையில், "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று பெயர் போடுவார்கள் அல்லவா, அதில் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா பெயர்தான் முதல் வரி. அது முறை. மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என் வீட்டுக்காரர். பத்திரிகை வந்தது. தாய்மாமன் ஏழு பேர் இருந்தார்கள். சின்னத் தாத்தா இருந்தார். அத்தை மாமா எல்லோரும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் இல்லை.

நான் அவர் பெயரைச் சொல்வதில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் நான் கேட்க வேண்டும், அச்சில் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அந்த ஒரு வரியையும் அவள் எடுத்துவிட்டாள்.

இதில் கூத்து என்னவென்றால் அந்தப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தவரே அவர்தான். அப்போது கம்பாசிட்டராக இருந்தார். தம்பி பெண்டாட்டி எழுதிக் கொடுத்ததை அப்படியே கோத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "ஒங்க பேரு எங்க?" என்று கேட்டேன். "சாப்பாடு எங்க?" என்றார். கல்யாணத்துக்கு அவர் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் போகவில்லை. அன்று நான் வைத்த ரசம் யாருக்கும் பிடிக்கவில்லை.

அவர் போய்ப் பதினைந்து வருஷம். கொழுந்தனும் போய்விட்டார். சீனியம்மாள் மட்டும் கல்லுப்போல இருக்கிறாள். வழவழக் காலண்டர் தாள் எத்தனை நாள் போட்டாலும் ஊறுவதில்லை. அவளை மாதிரி.

மார்கழி 8, செவ்வாய்

தொட்டியைத் திறந்தால் செத்த எலி வாசம். பாண்டிமீனா மூக்கில் துணி கட்டிக்கொண்டு சமைத்தாள். பழைய ஆட்டுரலில் போட்டு இடித்தேன். மரத்தூள், கடலைத் தோல், கழுவிக் காயவைத்த டீத்தூள் சேர்த்தேன். எண்ணெய் டின்னை இரண்டு பக்கமும் வெட்டி, ஆணியால் ஓட்டை போட்டு, அதில் அடைத்து அம்மிக் குழவியால் அமுக்கினேன். தண்ணீர் ஒழுகி வறட்டி உட்கார்ந்தது. இட்லி இவ்வளவு அழகாக எனக்கு வந்ததில்லை.

பத்து. ஒரு வறட்டியின் நடுவில் ஒரு கண் தெரிந்தது. பதறிப்போய்ப் பிரித்துப் பார்த்தேன். சாமி இல்லை, நகைக்கடை விளம்பரத்துப் பெண். மறுபடியும் அமுக்கினேன்.

மார்கழி 11, வெள்ளி

அவமானம்.

காய்ந்த வறட்டியில் நான்கை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். எரியவில்லை. புகைந்தது. சாதாரணப் புகை இல்லை, எட்டு ஊருக்குச் சொல்லி அனுப்பும் புகை. பட்டாசும் செய்கிற எங்கள் ஊரில் புகையைக் கண்டால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், வாளியோடு ஓடி வருவார்கள். இருபது பேர் வந்தார்கள். என் அடுப்பில் இருபது வாளித் தண்ணீர். கொல்லை குளமாகிவிட்டது. பாண்டிமீனா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், "ஒண்ணுமில்ல, எங்க அத்தை வெந்நி போடுறாக" என்று சொன்னாள்.

கூட்டம் போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. சீனியம்மாள் காக்காய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷமாக எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் காக்காயிடம்தான் சொல்வாள்.

"ஏ காக்கா, உளுந்து வடைக்கு நடுவுல ஏன் ஓட்ட போடுறோம்னு ஒனக்காவது தெரியுமா? ஓட்ட இல்லன்னா உள்ள வேகாதுல்ல? காத்துப் போக வழி வேணும்ல? இதுகூடத் தெரியாம அம்பது வருசம் அடுப்படியில நின்னிருக்காகளே!"

நான் என் பக்கத்து முருங்கை மரத்தைப் பார்த்து, "சில பேரு வடைய வாயில வச்சா, எண்ணெச் சட்டி தேவலன்னு இருக்கும்" என்றேன்.

காக்காய் பறந்துவிட்டது. அதற்கு இரண்டு பக்கத்து நியாயமும் தெரியும்.

மார்கழி 12, சனி

வறட்டிக்கு நடுவில் ஓட்டை போட்டால் நன்றாக எரியும் என்று எனக்கே தோன்றியது. பூரிக்கட்டையின் பிடியை நடுவில் நிறுத்தி வைத்து அமுக்கினேன்.

மார்கழி 16, புதன்

எரிகிறது. நீல ஜுவாலை. ஆறு வறட்டியில் ஒரு அண்டா வெந்நீர். ராமலட்சுமியும் அப்பளமும் வளையல் கையும் சேர்ந்து எரிந்த சூட்டில் குளித்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு குளியல் இல்லை.

பாண்டிமீனா வந்து பார்த்தாள். "வெந்நி சுடுதே!" என்று ஏமாற்றமாகச் சொன்னாள்.

மார்கழி 17, வியாழன்

பொங்கல் பானை வெண்கலம். தண்ணீர் கொதித்து, அரிசி வெந்து, பொங்கி வழிய அண்டாவைப்போல மூன்று மடங்கு வேண்டும். சோதனைக்கு, கெட்டுப்போவதற்கு, வடைக்கு என்று எல்லாம் சேர்த்து எண்பது வறட்டியாவது கையில் இருக்க வேண்டும். இருப்பது முப்பத்தைந்து. தாள் தீர்ந்துவிட்டது.

மார்கழி 18, வெள்ளி

காலையில் சுவரின் மேல் பழைய பேப்பர்க் கட்டு ஒன்று இருந்தது. காற்று கொண்டுவந்து போட்டிருக்கிறது. சணலால் கட்டி, முடிச்சுப் போட்டு, மேலே ஒரு கல்லும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அதில் இருந்த சாமி படங்களை எல்லாம் முன்னாலேயே யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

மார்கழி 19, சனி

காற்று இன்றும் அடித்தது. இரண்டு கட்டு.

பாண்டிமீனா ஒரு சேதி சொன்னாள். சீனியம்மாளின் பேத்திக்குத் தை கடைசியில் கல்யாணமாம். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் கல்யாணமான அதே மூத்த மகனின் மகள்.

"இந்தத் தடவ பத்திரிக வந்தாப் போவீகளா அத்தை?"

"வராது."

"வந்தா?"

"பால்காரரு கொண்டாந்தா நீ வாங்கி வை. தொட்டிக்கு ஆகும்."

எனக்கு அந்தக் கல்யாணத்தைப் பற்றிக் கவலையே இல்லை. தை இருபத்தேழாம் தேதி, வெள்ளைக்கல் மண்டபம், மாப்பிள்ளை மதுரை, பெண்ணுக்கு அரக்குப் பட்டு. எனக்கு எதுவும் தெரியாது.

மார்கழி 22, செவ்வாய்

எண்பத்தாறு வறட்டி. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் தகரத்தின் மேல் காய்கின்றன. எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணினேன். பாண்டிமீனாவையும் எண்ணச் சொன்னேன். அவள் எண்பத்தைந்து என்றாள். மூன்றாம் தடவை எண்ணினேன்.

மார்கழி 23, புதன்

திருட்டு! திருட்டு!

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சாமி சாக்கு நிறைந்துவிட்டதால் அதை அரசமரத்தடிப் பிள்ளையார் கோயிலில் வைத்துவிட்டு வரப் போனேன். பழைய சாமி படங்களை அங்கேதான் வைப்பது வழக்கம். பூசாரி சாக்கைத் திறந்து பார்த்தார்.

"எத்தன பேரு இருக்காக?"

"நானூத்திப் பன்னெண்டு."

"ஏற்கெனவே ஊருல இருக்கிற அம்புட்டுச் சாமியும் இங்கதான் கெடக்கு. ஒங்க ஆளுகள எங்க உக்கார வைக்க? நாலஞ்சு பேர வேணா வச்சிட்டுப் போங்க."

"யார வைக்க, யாரக் கூட்டிட்டுப் போகன்னு நீரே சொல்லும். பாவம் ஒம்ம தலையில."

இப்படி முக்கால் மணி நேரம். நடுவில் பெரிய மழை வந்தது. மார்கழியில் இப்படி ஒரு மழை நான் பார்த்ததில்லை. மழையில் பூசாரியும் நானும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மண்டபத்துக்குள் ஒதுங்கினோம். கடைசியில் இடம் கொடுத்தார்.

மழை விட்டு ஓடி வந்து பார்க்கிறேன், தகரம் காலி. ஒரு வறட்டி இல்லை. கரைந்தும் ஓடவில்லை, ஓடினால் கூழ் கிடக்குமே. யாரோ எடுத்திருக்கிறார்கள். பாண்டிமீனா ஆஸ்பத்திரிக்குக் கால் காட்டப் போயிருந்தாள். ரத்தினக்குமார் வேலைக்கு.

சுவரின் மேல் சேற்றுக் கால் தடம். சின்னக் கால். மெட்டி போட்ட தடம் இல்லை. எனக்குத் தெரியாதா யார் கால் என்று?

மார்கழி 24, வியாழன்

காலையிலேயே முருங்கை மரத்திடம் போய் நின்று சொன்னேன், தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி. "அடுத்தவ வறட்டியத் திங்கிற அளவுக்கு வயித்தெரிச்சல் புடிச்சவுக இந்த ஊருல இருக்காக!"

அந்தப் பக்கம் சாவகாசமாகப் பதில் வந்தது. "ஏ காக்கா, மழ வந்தா நனையுமேன்னு எழுபது வயசுல சுவரேறிக் குதிச்சி எடுத்துக் காப்பாத்துன பெரிய மனுசிக்கு இந்த ஊருல நல்ல பேரு! எம்பத்தாறும் எங்க அடுப்படிப் பரணுல பத்திரமாக் காயுது. வேணும்னா கேட்டு வாங்கிக்கிறச் சொல்லு. வாயத் தொறந்து, எம் பேரச் சொல்லிக் கேட்டா, அந்த நிமிசமே குடுப்பேன். கேக்கலன்னா அங்கேயே இருக்கும்."

கேட்பதா? நானா?

பாண்டிமீனா ஜன்னலில் நின்று சிரித்தாள். "அத்தை, வாஷிங் மெசின் என்ன கலர்ல வாங்க?"

மார்கழி 25, வெள்ளி

புதிதாகத் தட்டிக்கொள்வேன். பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இன்று ஊறப்போட்டால் நேரம் பற்றாது. அதனால் வெந்நீரில் ஊறப்போடலாம் என்று பார்த்தேன். வெந்நீருக்கு வறட்டி இல்லை.

எப்படியும் தாள் வேண்டும். அவருடைய அச்சாபீஸ் தகரப்பெட்டியைத் திறந்தேன். பதினைந்து வருஷமாகத் திறக்காதது. உள்ளே முழுக்க புரூஃப் தாள். மெல்லிய தாள், சீக்கிரம் ஊறும்.

மார்கழி 26, சனி

இன்று வேலை எதுவும் நடக்கவில்லை.

மார்கழி 27, ஞாயிறு

தகரப்பெட்டியில் அந்தக் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் இருந்தது. அச்சடிப்பதற்கு முன் சரிபார்க்க எடுக்கும் தாள். அதில் முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. கோத்திருக்கிறார். பிறகு பென்சிலால் அடித்திருக்கிறார். ஓரத்தில் அவர் கையெழுத்து:

"ஒரு வரி அதிகம். அச்சுச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. தாய்மாமன் ஒருவர் பெயரை எடுத்தாலும் கல்யாணம் நடக்காது. என் பெயரை எடுத்துவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்."

அதற்குக் கீழே ஊதா மையில், வெண்டைக்காய் அடுக்கி வைத்த மாதிரி சீனியம்மாளின் எழுத்து:

"அத்தான் பெயர் கட்டாயம் வேண்டும். அக்கா மனசு சங்கடப்படும். பிள்ளையாரைச் சின்னதாகப் போடுங்கள்."

அதற்குக் கீழே மறுபடியும் அவர்:

"பிள்ளையார் படம் அச்சடிக்கும் பிளாக் ஆபீசில் ஒரே அளவுதான் இருக்கிறது. வெயிலிடம் நீ சொல்ல வேண்டாம். நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்."

வெயில் என்பது நான். வெயிலுகந்தாள். பக்குவமாகச் சொல்ல அவருக்குப் பதினாறு வருஷம் இருந்தது. சொல்லவில்லை. சாப்பாடு எங்கே என்று கேட்டார்.

நேற்று முழுக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்தும் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும்.

பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பிள்ளையார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வரி இடம். முப்பத்தோரு வருஷமாக நான் யாரைத் திட்டியிருக்க வேண்டும்? இவரைப் போலப் பிள்ளையாரும் மற்றச் சாமிகளுமாக நானூறு பேருக்கு மேல் கை கொப்புளிக்க வெட்டி, பூசாரியோடு சண்டை போட்டு, இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இதனால் எதுவும் மாறவில்லை. அவள் சுவரேறிக் குதித்தது தப்புதான்.

மார்கழி 29, செவ்வாய், போகி

மற்ற புரூஃப் தாளில் புதிதாகத் தட்டிய பன்னிரண்டும் பிசுபிசு என்று இருக்கின்றன. வெயில் வரவில்லை. வீட்டைக் கழுவினோம். கூரையில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டினோம். பாண்டிமீனா கடப்பாரையைத் தேடி எடுத்து, எண்ணெய் தடவி, சுவரில் சாய்த்து வைத்தாள். அதற்கும் ஒரு கொத்துப் பூளைப்பூ கட்டினாள்.

"அத்தை, ஒரு வார்த்த கேட்டா என்ன? பக்கத்து வீடுதான?"

"நீ ஒன் காலப் பாரு."

ஒரு வார்த்தைதான். முப்பத்தோரு வருஷமாகச் சொல்லாத வார்த்தை தொண்டையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை.

தை 1, புதன், பொங்கல்

விடியும்போதே அடுப்பில் கோலம் போட்டு, பானைக்கு மஞ்சள் கட்டி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தேன். சுண்டுவிரல் நகமளவுதான் பிடித்தேன்.

பிசுபிசு வறட்டியை வைத்துப் பற்றவைத்தேன். கண்ணீர் வந்தது, தீ வரவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாகக் குலவை கேட்கிறது. ரத்தினக்குமார் பல்லியைத் தேடினான். பாண்டிமீனா விசிறிக்கொண்டிருந்தாள், அவள் கண்ணிலும் தண்ணீர். அவளுக்கு வாஷிங் மெசின் வேண்டும்தான். ஆனால் பொங்கலன்று பானை பொங்காமல் போவதை யார்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

எழுந்து சுவருக்குப் போனேன்.

"ஏ சீனி."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "ஏ காக்கா, ஒன்னையவா கூப்புடுறாக?" என்று கேட்டது. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"காக்காய இல்ல. ஒன்னத்தான். சீனியம்மா, வறட்டிய எடுத்துட்டு வா. பான காத்துக்கிட்டு இருக்கு."

சுவரேறி வரவில்லை. தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியாக, புதுச்சேலையோடு, தலையில் நார்ப்பெட்டியில் வறட்டியை அடுக்கிக்கொண்டு வந்தாள். வாசல்படியில் நின்றாள். "உள்ள வரட்டா அக்கா?"

"பொறகு? படியிலயா அடுப்பு இருக்கு?"

இருவரும் உட்கார்ந்து அடுக்கினோம். பற்றவைக்கத் தடித்த தாள் வேண்டியிருந்தது. அந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தேன். பிள்ளையாரை வெட்டி ஓரமாக வைத்தேன். சீனி அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, அது…"

"நல்ல அட்ட. சீக்கிரம் புடிக்கும்."

பிடித்தது. நீல ஜுவாலை ஓட்டை வழியாக எழுந்தது. நான் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டேன். "பிள்ளையாரச் சின்னதாப் போடச் சொன்னியாமே?"

விசிறி நின்றது. "பிளாக்கு ஒரே அளவுதான் இருந்துச்சு" என்றாள்.

"எங்கிட்ட ஏன்டீ சொல்லல?"

"அத்தான் சொல்லாதன்னு சொன்னாக."

"அவுக போயிப் பதினஞ்சு வருசம் ஆச்சே?"

"போனவுககிட்ட, 'சொல்லிரட்டுமா'ன்னு நான் எங்க போயிக் கேக்க?"

தாள் வறட்டியில் புகை குறைவுதான். இருந்தாலும் இரண்டு பேர் கண்ணிலும் பட்டது.

பானை நுரைத்தது. ஏறியது. கழுத்து வரை வந்து யோசித்தது. பிறகு கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பாண்டிமீனாதான் முதலில் குலவை போட்டாள். பிறகு ஒற்றைக் காலில் தாண்டிப் போய்க் கடப்பாரையை எடுத்து உள்ளே வைத்தாள்.

"கெழக்கா? எனக்கென்னவோ வடக்க சாஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றாள் சீனி.

கிழக்குத்தான்.

தை 2, வியாழன்

அடுப்பு நிற்கிறது. அதற்கு எதிரே வாஷிங் மெசின் வைக்க இடம் அளந்தார்கள். சரியாக இருக்கிறது. முதலிலேயே அளந்திருக்கலாம்.

மீதி வறட்டி நாற்பத்தொன்று. சீனியிடம் இருந்து வந்தது எண்பத்தைந்துதான். பாண்டிமீனா அப்போது எண்ணியது சரி. இதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

தை 9, வியாழன்

சீனி தட்டோடு வந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், பேத்தி கல்யாணப் பத்திரிகை. முதல் பத்திரிகை எனக்குத்தானாம். நாலு மூலையிலும் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.

பிரித்தேன். மேலே பிள்ளையார் கடுகளவு இருந்தார். கம்ப்யூட்டரில் எப்படி வேண்டுமானாலும் சுருக்கலாமாம். அவருக்குக் கீழே பெண்ணின் பெரிய தாத்தா என்று போட்டு, முதல் வரியில் என் வீட்டுக்காரர் பெயர். அமரர் என்று முன்னால் போட்டிருந்தது. பெரிய எழுத்து.

எனக்குக் கண்ணாடி இன்னும் மாற்றவில்லை. பாண்டிமீனாவை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தாள். சரியாகக் கேட்கவில்லை என்றேன். மறுபடியும் படித்தாள்.

சீனி போன பிறகு முழுதாகப் பார்த்தேன். என் பெயர் நான்காவது வரியில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு அத்தைக்கும் கீழே. இடம் இல்லாமல் இல்லை, பிள்ளையார் அவ்வளவு சின்னதாக இருக்கும்போது.

முதல் ஜூனை இதற்காக ஒதுக்கியிருக்கிறேன். கல்யாணத்தில் பந்தி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டாவது ஜூன் சும்மாதான் கிடக்கிறது.